நான் சொல்லி நீ சொன்ன பதில்

என் வயிற்றில் பிறந்தவளே,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். ஒரு பக்கம் படித்துவிட்டு போனைப் பார்க்கப் போய்விடாதே. உறையை ஒட்டவில்லை. மாப்பிள்ளை படிக்கட்டும், உன் மகள் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் வீட்டில் மூடி வைத்தது போதும். நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என் எதிரே உட்கார்ந்து தோசை தின்கிறாய். மூன்று மாதமாக நானும் சொல்லத்தான் பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நாளைக்கு நீ கிளம்பும்போது உன் கைப்பையில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

உன் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் வெகுகாலம் "ஆஸ்பத்திரியில கணக்கு" என்றே சொல்லிவந்தேன். கீழ் வீட்டுக்காரி, கேஷியரா என்று கேட்டாள். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அப்புறம் நீயே ஒருநாள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். மனசு சரியில்லாதவர்களை டாக்டர் பார்க்கிறார். ஊரில் அப்படி எத்தனை பேர், மருந்து யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை நம்பலாமா கூடாதா என்று சொல்வது நீ. பெயர் உன்னிடம் வராது, நம்பர் மட்டும் வரும். யாருடைய வீடு என்று தெரிந்தால் கணக்குப் போடுகிறவர் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றாய். பதிலே சொல்லாத வீட்டை என்ன செய்வாய் என்று கேட்டேன். அதே மாதிரி இருக்கிற மற்ற வீடுகளைப் பார்த்து, இங்கேயும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட வழி இருக்கிறது என்றாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கே அது நல்ல வழி என்று பட்டது. பொய் சொன்ன வீட்டுக்கு என்ன வழி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ரொம்ப உற்சாகமாக வந்தாய். நாற்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் டெல்லியில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய காகிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன, அதே குடும்பங்களைத் தேடிப்பிடித்து மறுபடியும் கேட்கப்போகிறோம் என்றாய். "நம்ம கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் பக்கம்கூட அப்ப எடுத்திருக்காங்கம்மா. உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். உன் பிரசவத்தன்று வார்டில் எந்தக் கட்டிலில் யார் கிடந்தார்கள் என்று சொல்லக்கூடியவள் நான். இல்லை என்றதும் நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய். தோசையை மடித்தபடியே சொன்னாய்: "அதான்மா பிராப்ளம். வயசானவங்க சொல்றது பழைய ரெக்கார்டோட ஒத்து வராது. அப்ப பழசைத்தான் வச்சுக்குவோம். நான்தான் அந்த ரூல் போட்டேன். ஞாபகம் தப்பிடும் இல்லியா?" அன்றைக்கு உனக்கு மூன்றாவது தோசை நான் ஊற்றவில்லை. மாவு தீர்ந்துவிட்டது என்றேன். மாவு இருந்தது.

இனி சந்திரா அத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு ஒரே தங்கை. மாமியார் செத்த பிறகு பாளையங்கோட்டையில் அவளைப் பார்த்துக்கொள்ள உன் பெரியப்பா வீட்டில் யாருக்கும் மனசில்லை. டெல்லியில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்கள். டெல்லியில் டாக்டர்கள் இருந்தார்கள். உன் அப்பாதான் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆபீசில் யாராவது அங்கே பார்த்துவிட்டால் என்று நாளைக் கடத்தினார். உனக்கு அப்போது பத்து வயசு. தினமும் காலையில் அவள்தான் உனக்கு இரட்டைச் சடை போடுவாள். கண் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டுவாள். சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதும் ஒரு முடி கலைந்திருக்காது. அதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். நினைவிருக்குமா என்று தெரியாததை எழுதுகிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அப்பளமும் வற்றலும் தமிழ்ப் பேப்பரில் மடித்து வரும். அவள் அந்தப் பேப்பரைத் தூக்கிப்போட விடமாட்டாள். எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்து ஒரு வரி விடாமல் படிப்பாள். "என்னப் பத்தி எழுதுதாங்க மைனி. எங்கன எழுதியிருக்குன்னுதான் தெரியல" என்பாள். தூங்கமாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். நான் திட்டினால் நிறுத்திக்கொள்வாள். நிறையத் திட்டியிருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்து மத்தியானம். பின்முற்றத்து வெயிலில் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளி விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாதியைப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தாய். பச்சைக் கார்டிகன் போட்ட ஒரு அம்மாள் கையில் அட்டையும் காகிதமுமாக வந்தாள். கார்டிகனில் மூன்றாவது பித்தான் மட்டும் கறுப்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது இந்தியில் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். அவள் கேட்க, நீ எனக்குத் தமிழில் சொல்ல, நான் சொல்ல, நீ அவளுக்கு இந்தியில் சொன்னாய். குவார்ட்டர்ஸில் நம்மைப் போன்ற எல்லா வீட்டிலும் பிள்ளைகள்தான் அம்மாக்களுக்கு வாய். வீட்டில் எத்தனை பேர் என்றாள். நாலு. அப்பா, அம்மா, பெண், நாத்தனார். அதுவரை உண்மை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. "அம்மா, தனக்குத்தானே பேசறவங்க யாராச்சும் உண்டான்னு கேக்கறாங்க" என்றாய். சொல்லிவிட்டு சமையலறைக் கதவைப் பார்த்தாய். நான் பட்டாணியைப் பார்த்தபடி, "கோயி நஹீன்னு சொல்லு" என்றேன். யாரும் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த இந்தி அதுதான். நீ "அம்மா, அத்தை..." என்று இழுத்தாய். சொல்லுட்டி என்றேன். சொன்னாய். தூங்காதவர்கள்? கோயி நஹீ. யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள்? கோயி நஹீ. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நீளமாக ஏதோ சொன்னாள். நீ அதைத் தமிழில் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அப்படி யாராவது இருந்தால் சீட்டு எழுதித் தருவார்களாம், ஆஸ்பத்திரியில் தனியாகப் பார்ப்பார்களாம், மருந்து இலவசமாம், யாருக்கும் தெரியாதாம். ஒரு சொல்லைக்கூட விடாமல் சொல்லிவிட்டு, "யாருக்குமே தெரியாதும்மா" என்று உன் கணக்கில் ஒருமுறை கூடச் சேர்த்துச் சொன்னாய். நீ கெஞ்சினாய். எனக்கு அது புரிந்தது. பாவாடைக்கு மேலே உன் இடது தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். நீ கண்ணில் தண்ணீரோடு அவளிடம் மறுபடியும் இல்லை என்றாய். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் சந்திரா நின்றிருந்தாள். "என்ன எழுதினா மைனி?" என்றாள். ஒன்றும் எழுதவில்லை, உனக்கு ஒன்றும் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பம் நான் இல்லியா?" என்று கேட்டாள். இந்தி தெரியாதவள் அன்று உன் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பால்காரன் தட்டினாலும், இஸ்திரிக்காரன் தட்டினாலும், அவள் உள்ளேயிருந்து "கோயி நஹீ" என்று குரல் கொடுப்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இப்போது இந்த ஃபிளாட்டில் ஒரு நாளைக்கு நாலு தரம் மணி அடிக்கிறது, கூரியர்காரன், மருந்து கொண்டு வருகிறவன், தப்பு வீட்டுக்குப் பார்சல் கொண்டு வருகிறவன். ஒவ்வொரு தரமும் எனக்கு முன்னால் உள்ளறையிலிருந்து அவள் பதில் சொல்லிவிடுகிறாள். காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னாய். காதில் ஒன்றும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். தன்னைப் பற்றி எழுதுகிறார்கள் என்று பயப்படுகிறவளை எழுத விடாமல் காப்பாற்றினேன் என்று. அது பொய். குவார்ட்டர்ஸில் பேச்சாகிவிடும், நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை வரும்போது இந்தக் குடும்பத்தில் இப்படி ஒருத்தி உண்டாமே என்பார்கள் என்று பயந்தேன். பத்து வயசுப் பெண்ணுக்கு வராத மாப்பிள்ளைக்காக, வந்து வாசலில் நின்ற வைத்தியத்தைத் திருப்பி அனுப்பினேன். பிறகு நீயாகவே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவர் நம் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கோடையில் உன் பெரியப்பா வந்தார். தெற்கே ஒரு கோயில் இருக்கிறது, இப்படிப்பட்டவர்களை ஒரு மண்டலம் அங்கே தங்கவைத்தால் தெளிந்துவிடும் என்றார். மண்டலம் முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன். "நீ உன் வேலயப் பாரு" என்றார். உன் அப்பா தரையைப் பார்த்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உன் சடையைத் தொட்டுப் பார்த்து, "தொளதொளன்னு விட்டுராத, இறுக்கிக் கட்டணும்" என்று உன்னிடம் சொன்னாள்.

மறு வருஷம் குளிர் விடுகிற சமயத்தில் ஒரு கார்டு வந்தது. சந்திரா தவறிவிட்டாள், காரியம் முடிந்தது, தலை முழுகிக்கொள்ளவும். மூன்றே வரி. எதனால் என்று இல்லை. பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: காய்ச்சல் கண்டு பத்து நாள் கிடந்தாளாம், வைத்தியம் பார்க்க ஆளில்லையாம், காலில் சங்கிலி இருந்ததாம். பெரியப்பா உன் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து முதல் தாம்பூலம் வாங்கினார். அவர் செத்தபோது முட்டுவலி என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. எனக்கு அன்று முட்டு வலிக்கவில்லை. சாவுச் சேதி வந்த கடுதாசியைப் படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. நான் கிழிக்கவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே வைத்தேன். வீடு மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்திருக்கிறது.

கார்டு வந்த அதே வாரம் பச்சைக் கார்டிகன் மறுபடியும் வந்தாள். போன தரம் நாலு பேர் என்றீர்களே, ஒருவர் எங்கே என்றாள். உனக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "அத்தை எங்கன்னு கேக்கறாங்கம்மா" என்றாய். "கல்யாணமாயிப் போயிட்டான்னு சொல்லு" என்றேன். உன் முகம் மலர்ந்ததே, அதை மட்டும் மறக்க முடிந்தால் மற்றதை நான் தாங்கிக்கொள்வேன். துள்ளிக் குதித்து அவளிடம் இந்தியில் சொன்னாய். அவளும் சிரித்து உன் கன்னத்தைத் தட்டினாள். அவள் போனதும், எப்போ நடந்தது, நம்மை ஏன் கூப்பிடவில்லை என்று என்னைத் துளைத்தாய். பெரியப்பா அவசரமாக முடித்துவிட்டார் என்றேன். இரண்டு வருஷம் கழித்து, புருஷன் வீட்டில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்றேன். புருஷனும் இல்லை, வீடும் இல்லை, மகளே. இன்று வரை நீ நம்பிக்கொண்டிருக்கும் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்தது. கையில் டேப்லெட்டோடு ஒரு பெண். பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒருவர் சொல்லி ஒருவரைப் பிடித்து என்னிடம் வந்திருக்கிறாள். இந்தியில் ஆரம்பித்தவள் சுவரில் தமிழ்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, "தமிழா பாட்டி நீங்க?" என்றாள். நம் ஊர் ஆட்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்தவளாம். வீட்டை இடித்த பிறகு நரேலாவில் இருக்கிறாள், இரண்டு பஸ் மாறி வருகிறாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், என் காதுக்கு நேராகத் தமிழில் ஒருத்தி கேட்டாள். இருந்தது என்றேன். பெயர் சந்திரா, என் நாத்தனார், கல்யாணம் ஆகவில்லை, கோயிலில் கட்டிப்போட்டிருந்தபோதே செத்தாள் என்றேன். கார்டை எடுத்துக் காட்டினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். திரை சிவப்பானது. "பாட்டி, முன்னாடி ரெண்டு வாட்டியும் 'இல்ல'ன்னு இருக்கு. கல்யாணமாயி போனதா இருக்கு. இப்ப மாத்திப் போட்டா லால் ஆயிடுது, எடுத்துக்க மாட்டேங்குது" என்றாள். கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பேன் என்றேன். அதற்கு அதில் இடம் இல்லையாம். தப்புக்குறியோடு ஆபீசுக்குப் போகும், திங்கட்கிழமை அங்கே மேடம் பார்த்து முடிவு செய்வார்கள் என்றாள். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு என் ஞாபகத்துக்குப் பரீட்சை வைத்தாள். வயசானவர்களுக்கெல்லாம் வைக்க வேண்டுமாம். மூன்று சொல்லைச் சொல்லி மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று என்றேன், எண்பத்தாறு என்றேன், அங்கேயே நின்றுவிட்டேன். அஞ்சாம் வகுப்பில் நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பப்பட்டவளுக்கு அதற்கு மேல் வராது. அவள் பாவம், மார்க்கைக் குறைத்துப் போட்டாள். அது என் படிப்புக்குப் போட்ட மார்க். அங்கே அதை ஞாபகத்துக்கென்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். திங்கட்கிழமை உன் மேசைக்கு ஒரு சிவப்புக் குறி வரும். ஒரு பக்கம் ஒன்றுபோலச் சொன்ன இரண்டு பழைய பதில். இன்னொரு பக்கம் கணக்கில் தோற்ற ஒரு கிழவியின் புதுப் பதில். நீ போட்ட ரூல்படி பழசுதான் நிற்கும். சந்திரா மறுபடியும் ஒன்றுமில்லாதவளாக, கல்யாணமாகிப் போனவளாக ஆகிவிடுவாள். முன்னே நான் சொல்லி உன் வாய் அதைச் சொன்னது. இந்த முறை உன் கையே செய்துவிடும், யாரென்று தெரியாமலே. அது நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாருடைய வீடு என்று உனக்குத் தெரியக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அதை உடைக்கிறேன். அதனால் நீ முடிவு செய்யாதே. எனக்குச் சாதகமாகக்கூட எதையும் மாற்றாதே. உன் மேலே இருப்பவரிடம் போய், இது என் தாய் வீடு, வேறு யாராவது பாருங்கள் என்று சொல்லிவிடு. அப்புறம் அந்த ரூலை மட்டும் எடுத்து வைத்து யோசி. உன் படிப்பு எனக்கு இல்லை, ஆனால் பொய் சொல்கிற வீட்டை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வயசில் எங்களுக்கு மாமனார் இருந்தார், புருஷன் இருந்தான், கட்டிக்கொடுக்கப் பெண் இருந்தாள். எல்லாருக்கும் பயந்து பொய் சொன்னோம். இப்போது பயப்பட யாரும் மிச்சமில்லாததால் உண்மை வருகிறது. நீயோ நாங்கள் முதலில் சொன்னதை வைத்துக்கொண்டு கடைசியில் சொல்வதைத் தள்ளிவிடுகிறாய். எத்தனை வீட்டில் எத்தனை சந்திராக்களோ. ஞாபகம் தப்பிவிட்டது என்று எங்கள் வாயை மூடிவிடாதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நானே யாரையும் மன்னித்ததில்லை, எனக்கு மட்டும் எந்த முகத்தோடு கேட்பது? அந்தக் கிள்ளலை மன்னிப்பதா என்பதை மட்டும், நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவளாகிவிட்டதால், உனக்கே விட்டுவிடுகிறேன். நீ இந்த வேலையைத் தேடிப் போனாயா, அந்த முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்தான் உன்னை இங்கே இழுத்து வந்தாளா என்று கேட்க எனக்கு ஆசை. பதில் வேண்டாம்.

வேறு ஆளை அனுப்பச் சொல். பச்சைக் கார்டிகனைக் கேட்கட்டும், கறுப்புப் பித்தானைக் கேட்கட்டும், கார்டை வாங்கிப் பார்க்கட்டும். அந்தப் பெண் சொன்ன மூன்று சொல்லையும் கேட்கட்டும். அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டாள், சொன்னேன். இன்றைக்குச் சனிக்கிழமை, நாலு நாளாகிறது. குடை, எலுமிச்சை, பாலம். எத்தனை நாள் கழித்து வந்தாலும் சொல்வேன். மணி அடித்தால் போதும். உள்ளறையிலிருந்து அவள் குரல் வருவதற்கு முன்னால் நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.

உன் அம்மா